பாதியில் நின்ற வசவு

"உண்மை என்பது மின்சாரம் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தொட்டவனை விடாது."

இந்த அரிய தத்துவத்தை மனித குலத்துக்கு வழங்கியவர் துப்பறியும் நிபுணர். வழங்கிய இடம் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி, ஆண்கள் வார்டு. வழங்கிய சமயத்தில் அவர் நோயாளியின் டிரிப்ஸ் குழாய்மேல் நின்றுகொண்டிருந்தார்.

"காலை எடுங்க," என்றாள் நர்ஸ்.

நிபுணர் காலை எடுத்தார், குனிந்து பார்க்காமல். குனிவது அவர் வழக்கமில்லை. 'நிபுணர்' என்பது யாரும் கொடுத்த பட்டமும் இல்லை; தன் அலுவலகப் பலகையில் அவரே எழுதிக்கொண்டது. அலுவலகத்தின் ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் ஏதாவது ஒரு பொருளில் தன் முகத்தையும், 'இருள் எங்கேயோ, நான் அங்கே' என்ற வாசகத்தையும் அச்சடித்து ஊருக்கு இலவசமாக வழங்குவார். ஒரு வருடம் குடை கொடுத்தார். முதல் மழையிலேயே சாயம் கரைந்து, அவருடைய மீசை பலர் சட்டைத் தோளில் இறங்கிக் குடியேறியது.

அவருக்குப் பின்னால் நின்றவள் ஊசி. நிபுணரின் மனைவிக்குத் தங்கை. இன்சூரன்ஸ் ஆபீஸில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். மேனேஜரின் பொய்யையும் சேர்த்துக் கண்டுபிடித்ததால் வெளியே வந்தாள். அக்கா அழுதாள் என்பதற்காக அத்தானிடம் வேலைக்குச் சேர்ந்து, அன்று முதல் இருவரும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு வருகிறார்கள். அதிகம் சகிப்பது யார் என்பதில் இன்னும் முடிவு வரவில்லை.

கட்டிலில் படுத்திருந்தவர் இன்ஜினியர். இன்ஜினியர் படிப்பை அவர் முடிக்கவில்லை. படிப்பு தனக்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதியில் விலகிக்கொண்டதாகச் சொல்வார். மரக்கதவுகளில் சித்திரம் செதுக்கும் மிஷின் ஒன்றைத் தன் பட்டறையில் தானே கட்டினார். அதன் மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியையும் தானே கட்டினார். நேற்று சாயங்காலம் அந்தப் பெட்டி அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தது. வலது கையில் பெரிய கட்டு. புகாரில் கையெழுத்துப் போட முடியாமல், இன்ஜினியர் இடதுகைக் கட்டைவிரலால் கைநாட்டு வைத்திருந்தார். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று வார்டுக்கே உத்தரவு.

"நல்லாக் கேட்டுக்குங்க," என்றார் இன்ஜினியர். "சுவிட்ச் ஆஃப். பிளக்கை ஒயரோட பெட்டியிலேருந்து உருவி என் சட்டைப் பையில போட்டேன். தினமும் அப்படித்தான். என் பையில இருக்கிற பிளக்கை எவன் போய்ச் சொருகுவான்? பெட்டி மேல ஒரு பல்பு இருக்கு. உள்ள கரண்ட் மிச்சம் இருந்தா எரியும், தீர்ந்தா அணையும். என் கண்டுபிடிப்பு. அணையற வரைக்கும் நின்னேன். அணைஞ்சுது. கையை வெச்சேன். அடிச்சுது. அப்ப என்ன அர்த்தம்?"

"திருட்டு ஒயர்," என்றார் நிபுணர், கண்ணை மூடிக்கொண்டு.

"அதேதான். எவனோ வேற லைன் இழுத்து விட்டிருக்கான். எவனோ என்ன எவனோ, என் மச்சான். இவ கூடப்பொறந்தவன்."

கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற மனைவி, "என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான்," என்றாள்.

"உன்னை யாரும் கேக்கல."

"ஏன் அவர்தான்னு சொல்றீங்க?" என்று கேட்டாள் ஊசி.

"போன வாரம் பக்கத்துக் கடை தையல்கார அம்மா காதுபடச் சொன்னான், 'ஒரு நாள் உங்க கை கருகும் மாமா'ன்னு. கருகிடுச்சு. இதுக்கு மேல சாட்சிக்கு எங்க போறது? சப்-இன்ஸ்பெக்டர் சாயங்காலம் அவனைத் தூக்கப் போறார். கொலை முயற்சி. நீங்க அந்த ஒயரை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க, அவன் வெளியவே வரக் கூடாது."

மனைவியின் கையில் பிளாஸ்க் மூடி தானாகத் திருகித் திருகிக் கழன்றது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள் ஊசி.

"வலது கை மட்டும் உள்ள இருந்ததால பொழைச்சேனாம். இடது கையும் பெட்டியில பட்டிருந்தா நெஞ்சு வழியாப் போயிருக்குமாம்."

"இடது கை எங்க இருந்துது?"

இன்ஜினியர் கொஞ்சம் யோசித்தார். "அவனைப் பார்த்து நீட்டிக்கிட்டிருந்தேன். திட்டும்போது கை நீளாதா?"

"எங்க நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?"

"இவ வீட்டுல எதுலயோ பார்த்துச் சொன்னா."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இன்ஜினியர் பார்த்த பார்வையில் அது திரும்ப உள்ளே போய்விட்டது.

படி இறங்கும்போது நிபுணர், "ஊசி, குற்றவாளி யார்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றார்.

"நமக்கு அவர் பேரையும் சொல்லி, விலாசத்தையும் சொன்னாரே அத்தான். தெரியாம இருந்தாத்தான் ஆச்சரியம்."

பட்டறை ஒரு நீண்ட தகரக் கொட்டகை. பின்பக்கக் கதவைத் திறந்தால் இன்ஜினியரின் வீட்டுச் சமையலறை. எங்கு பார்த்தாலும் மரத்தூள்; கடிகாரத்தின் முள்மேல்கூட ஒரு படலம். நடுவில் கட்டில் மாதிரி ஒரு மிஷின். அதன்மேல் பாதிச் செதுக்கிய கதவு ஒன்று, முன்னங்கால் மட்டும் உள்ள குதிரையோடு நின்றுபோயிருந்தது. மிஷினின் மூன்று ஓரத்திலும் மூன்று சர்வோ மோட்டார்கள். சொன்ன இடத்தில் சொன்ன மாத்திரத்தில் நிற்கிற மோட்டார்கள். அந்த வீட்டில் அப்படி நின்றவை அவை மட்டும்தான்.

மூலையில் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று மூடி இல்லாமல் கிடந்தது. அதுதான் பவர் சப்ளை. அதன் தலையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, குளியலறையில் தண்ணீர் மொள்ளும் மக்; இன்ஜினியர் சொன்ன பல்பு அதற்குள்.

மச்சினன் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பட்டறையை விட்டு நகரக் கூடாது என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்தவர்களைப் பார்த்து அவன் எழுந்திருக்கவில்லை.

"மாமா அனுப்பினாரா? எனக்கு விலங்கு அளவெடுக்க வந்தீங்களா?"

"அளவெடுக்கிற அம்மா பக்கத்துக் கடையில இருக்காங்களாமே," என்றாள் ஊசி. "நாங்க பெட்டியைப் பார்க்க வந்தோம்."

நிபுணர் பெட்டியை நெருங்கினார். சிவப்பு மக்கை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாறுதல் வந்தது. கல்யாண வீட்டில் எதிர்பாராமல் பழைய கடன்காரனைப் பார்த்தவர் மாதிரி. மக்கை அப்படியே மெதுவாக இறக்கி வைத்தார்.

"இதுல ஒண்ணுமில்ல," என்றார். "ஒயரைத் தேடணும். ஒயர்தான் முக்கியம்."

ஊசி அதைக் குறித்துக்கொண்டாள். அத்தான் ஒரு பொருளைப் பார்த்து ஒன்றுமில்லை என்று இரண்டே சொல்லில் முடித்தது அவள் அறிந்தவரை இதுதான் முதல் தடவை.

நிபுணர் ஒயரைத் தேடத் தொடங்கினார். பலகைகளைப் பெயர்த்தார். சுவர் அட்டையை உரித்தார். கூரையோரம் ஒரு கறுப்பு ஒயர் ஓடுவதைக் கண்டு, "இதோ," என்று வெற்றியோடு வெட்டினார். பக்கத்து வீட்டு மாடியில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் வர்ணனை பாதி ஓவரில் நின்றது. எவனோ ஒருவன் மேலிருந்து நிபுணரின் முன்னோர்களை விசாரிக்கத் தொடங்கினான்.

அந்தச் சந்தடியில் ஊசி மச்சினன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கை கருகும்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். ஆறு மாசமாச் சொல்றேன். உள்ள பாருங்க, சோடா டின் மாதிரி நாலு நிக்குதே, அது கெப்பாசிட்டர். கரண்டைப் புடிச்சு வெச்சுக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் அதுல இருக்கிறது அப்படியேதான் இருக்கும், ஆளை அடிக்கிற அளவுக்கு. கடையில வாங்கற சப்ளையில அதைத் தானா வடிக்கிறதுக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஒண்ணு வாங்கிப் போடலாம்னேன், மூடியாவது போடலாம்னேன். 'நீ எனக்குச் சொல்லித் தர்றியா, பல்பு இருக்கு போதும்'னுட்டார்."

"பல்பு வடிச்சிடுமா?"

"வடிச்சிடும். அதுல பொய் சொல்லக் கூடாது, அது வேலை செஞ்சுது. ஆஃப் பண்ணினா கொஞ்சம் கொஞ்சமா மங்கி, ஒரு நிமிஷம் போல ஆகும் அணையறதுக்கு. அதுக்கப்புறம் மாமா தூசியைத் தட்டிட்டு, எளகின நட்டை விரலால இறுக்குவார். தினம் சாயங்காலம் இதேதான்."

"அந்த ஒரு நிமிஷம் என்ன செய்வாரு?"

மச்சினன் முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தான். "என்னைத் திட்டுவார்."

"தினமுமா?"

"சும்மா நிக்கத் தெரியாதே அவருக்கு. பல்பு எரியற வரைக்கும் திட்டு. பல்பு அணைஞ்சதும் திட்டு நின்னுடும், குனிஞ்சு வேலையைப் பார்ப்பார். எனக்குப் பழகிப்போச்சு. நானும் பல்பையே பார்த்துக்கிட்டு நிப்பேன், எப்பத்தான் அணையுமோன்னு."

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சட்டென்று நின்றது. தட்டிச் சுவர் வழியாக ஒரு குரல் வந்தது.

"நேத்து முழுசாத் திட்டலயே."

ஊசி எழுந்து சுவரருகே போனாள். "யாரும்மா அது?"

"தைக்கிறவ. இந்தச் சுவர் இருக்கே, பேருக்குத்தான் சுவர். ரெண்டு வருஷமாக் கேக்கறேன், எனக்கு மனப்பாடம். இருங்க, வரேன்."

தையல்கார அம்மா வாயில் இரண்டு குண்டூசியோடும் கழுத்தில் டேப்போடும் வந்து சேர்ந்தாள். குண்டூசிகளை எடுத்து ரவிக்கை ஓரத்தில் குத்திக்கொண்டு, பாட்டு டீச்சர் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"அவர் திட்டு மூணு பாகம். முதல்ல வளர்ப்பு. 'உன்னைப் பெத்தாங்களா, இல்ல வழியில கண்டெடுத்தாங்களா'ன்னு ஆரம்பிப்பாரு. ரெண்டாவது படிப்பு. 'நீ படிச்ச ஸ்கூலைப் பூட்டிச் சாவியைக் கிணத்துல போடணும்'பாரு. மூணாவது மூஞ்சி. அதுதான் நீளம். மூஞ்சி முடிஞ்சா நான் கடையைச் சாத்திக் கிளம்புவேன், கடிகாரமே பார்க்கறதில்ல. நேத்து வளர்ப்பு முடிஞ்சுது, படிப்பு வந்துது. 'ஸ்கூலைப் பூட்டி'ன்னாரு. அப்படியே டமார்னு சத்தம். சாவி கிணத்துக்குப் போகவே இல்ல. மூஞ்சிக்கு வராம அந்த மனுஷன் நிறுத்தினதே கிடையாது."

"இது உனக்குப் புரியலையா ஊசி?" என்று ஏணி மேலிருந்து சொன்னார் நிபுணர். தலையில் ஒட்டடை. "அடிச்சதால திட்டு நின்னுது. இதுல என்ன துப்பு?"

"திட்டு நின்னதுக்கப்புறம்தான் அத்தான் அவர் கையை வெப்பார். பல்பு அணையாம கையை வெக்கிற ஆள் இல்ல. ஆஸ்பத்திரியிலயே சொன்னாரே, 'அணைஞ்சுது, கையை வெச்சேன்'னு." அவள் மச்சினன் பக்கம் திரும்பினாள். "நேத்து பல்பு அணைஞ்சதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சீக்கிரம் அணைஞ்சுது. நல்லவேளை மூஞ்சி தப்பிச்சுதுன்னு நெனச்சேன்."

"இத்தனை நாளா மூணு பாகம் எரிஞ்ச பல்பு நேத்து ஒண்ணரைப் பாகத்துல ஏன் அணையணும்?"

மச்சினன் மெதுவாக எழுந்து நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நேத்து பகல்ல நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?"

"கதவு ஒண்ணு இறக்கிக் குடுக்கப் போனோம். மத்தியானத்துக்கு மேலதான் வந்தோம்."

ஊசி தலையை உயர்த்திக் கொட்டகையைப் பார்த்தாள். வரிசையாக வெள்ளை பல்புகள். திறந்திருந்த பின்கதவு வழியே சமையலறையைப் பார்த்தாள். அங்கும் வெள்ளை. எல்லாமே பளிச்சென்று, ஒரு தூசு இல்லாமல், அந்தத் தூசிப் பட்டறைக்குச் சம்பந்தமே இல்லாமல் தொங்கின.

இன்ஜினியரின் மனைவி அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்று கூப்பிட்டாள் ஊசி. "ஒரு பழைய மஞ்சள் பல்பு கிடைக்குமா?"

"நிறைய இருக்கு. எதையும் தூக்கிப் போட எனக்கு மனசு வராது." அவள் தொட்டிக்கடியிலிருந்து ஒரு துணிப் பையைக் கொண்டுவந்து பெஞ்சில் கொட்டினாள். "நேத்துதான் எல்லாத்தையும் கழட்டினேன். மீட்டரைப் பார்த்துட்டு அவர் ஒரே சத்தம். 'இந்த வீட்லயும் பட்டறையிலயும் ஒரு மஞ்சள் பல்புகூட என் கண்ணுல படக் கூடாது'ன்னு. யாரோ இலவசமாக் குடுத்த எல்ஈடி பல்பு ஒரு பெட்டி இருந்துது. அவங்க வர்றதுக்குள்ள ஒண்ணு விடாம மாத்திட்டேன்."

ஏணி மேல் ஏதோ வழுக்குகிற சத்தம் கேட்டது.

பெஞ்சில் உருண்ட பல்புகளில் எல்லாமே சாதாரணமாக இருந்தன, ஒன்றைத் தவிர. அதன் தலையில் மரத்தூள் படிந்து, சூட்டில் வெந்து, பழுப்பு ஓடாக ஒட்டியிருந்தது. ஊசி அதை எடுத்துக் காட்டினாள்.

"இது எங்க இருந்ததுக்கா?"

மனைவி கையை நீட்டிச் சிவப்பு மக்கைக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது. எல்லோரும் தன்னையே பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"ஏன்? அதுவும் மஞ்சள் பல்புதானே?"

மச்சினன் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தான். "ஐயோ அக்கா," என்றான், மிக மெதுவாக.

வாசலில் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். மதியச் சாப்பாட்டை யாரோ பாதியில் பிடுங்கிய முகம் அவருக்கு எப்போதுமே உண்டு.

"ஒயர் கெடைச்சுதா?"

"விசாரணை ஒரு கட்டத்தை எட்டியிருக்கு," என்றார் நிபுணர் ஏணியிலிருந்து.

"கெடைக்கலைன்னு சொல்லுங்க. பரவாயில்ல. புகார் இருக்கு, மிரட்டினதுக்குச் சாட்சி இருக்கு. எழுந்திருய்யா."

"ஒரே ஒரு திட்டு நேரம் குடுங்க சார்," என்றாள் ஊசி. "அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

"என்ன நேரம்?"

"பாருங்க, புரியும்."

மச்சினன் எழுந்தான். வேலை தெரிந்த கை. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவந்த இன்ஜினியரின் சட்டைப் பையிலிருந்து பிளக்கை எடுத்துச் சொருகிச் சுவிட்சைப் போட்டான். பெட்டி உறுமியது. மக் சிவப்பாக ஒளிர்ந்தது. உள்ளே இருப்பது மஞ்சளா வெள்ளையா என்று அந்தச் சிவப்பில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சப்-இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தான்.

"பையில போட்டுக்குங்க சார். அம்மா, நீங்க ஆரம்பிங்க."

"சத்தமாவா?" என்றாள் தையல்கார அம்மா.

"அவர் எப்படியோ அப்படி."

தையல்கார அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உன்னைப் பெத்தாங்களா, இல்ல வழியில கண்டெடுத்தாங்களா," என்று தொடங்கி, ஏற்ற இறக்கத்தோடு வளர்ப்பை முடித்து, படிப்புக்கு வந்தாள். "நீ படிச்ச ஸ்கூலைப் பூட்டி" என்ற இடத்தில் மக் இருண்டது.

"செத்துடுச்சா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"செத்துடுச்சு," என்றார் நிபுணர். ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். ஆள் கூடியிருக்கும்போது ஓரமாக நிற்பது அவருக்கு ஆகாது. "கரண்ட் இங்கேதான் சார், இந்த டின்னுக்குள்ளதான்," என்று சொல்லிச் சுட்டுவிரலைப் பெட்டிக்குள் நீட்டினார்.

ஊசி பக்கத்தில் கிடந்த மரச் சட்டத்தால் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். அலுவலகத்தில் சேர்ந்த நாளாக அவள் காத்திருந்த அடி. கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

"பைத்தியமா உனக்கு?"

"பொறுங்க அத்தான். எங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்."

மச்சினன் ரப்பர் கையுறையை மாட்டினான். பழுப்பு ஓடு ஒட்டிய அந்த மஞ்சள் பல்பை ஒரு ஹோல்டரில் திருகினான். ஹோல்டரின் இரண்டு ஒயர் நுனிகளையும் நீளக் குச்சியில் கட்டி, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, செத்துப்போன பெட்டிக்குள் இறக்கினான்.

மஞ்சள் பல்பு எரிந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தன் பையைத் தொட்டுப் பார்த்தார். பிளக் பையில்தான் இருந்தது.

"விட்ட இடத்துலேருந்து சொல்லுங்கம்மா," என்றாள் ஊசி.

தையல்கார அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "சாவியைக் கிணத்துல போடணும்," என்றாள். படிப்பை முடித்து மூஞ்சிக்கு வந்தாள். பல்பு மங்கிக்கொண்டே வந்தது. மூஞ்சியில் கடைசி வரி, "இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு கண்ணாடி எப்படிப் பார்க்கிற." அதை அவள் சொல்லி முடிக்கவும், கம்பி சிவந்து, இருண்டு, அணையவும் சரியாக இருந்தது.

"பழைய பல்பு குடிகாரன் மாதிரி சார்," என்றாள் ஊசி. "கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிட்டுத்தான் படுக்கும். அது படுத்தா டம்ளர் காலின்னு அர்த்தம். இந்தப் புதுசு இருக்கே, இது கௌரவம் பார்க்கிற ஆள். கொஞ்சம் குறைஞ்சதுமே போதும்னு எழுந்து போயிடும். டம்ளர்ல முக்கால்வாசி அப்படியே இருக்கும். நேத்து இன்ஜினியர் கையை விட்டது அந்த டம்ளர்ல."

"அப்ப அதை மாட்டினது யாரு?"

"நான்தான்," என்றாள் மனைவி. பிளாஸ்க்கை இன்னும் கீழே வைக்கவில்லை. "என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

சப்-இன்ஸ்பெக்டர் மச்சினனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கைதி இருந்த இடத்தில் இரண்டு பேர் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு போன் மட்டும் போட்டுக்கறேன் சார்," என்றாள் ஊசி. ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் இன்ஜினியரின் குரல் வார்டையே விலக்கிக்கொண்டு வந்தது.

"ஒயர் கெடைச்சுதா?"

"அது இருக்கட்டும் சார். இங்க வீட்ல எல்லா பல்பையும் மாத்தி வெச்சிருக்கீங்களே, சப்-இன்ஸ்பெக்டர் பார்த்துட்டு அசந்துபோயிட்டாரு. இது உங்க மச்சானோட யோசனையா?"

"அவனுக்கு ஏது யோசனை? நான் சொன்னது. ஒரு மஞ்சள் பல்புகூட இருக்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொன்னவன் நான். என் உத்தரவு இல்லாம அந்த வீட்ல ஒரு ஆணி நகராது."

"பட்டறையிலயும் சேர்த்தா?"

"பட்டறையிலயும்தான். ஒண்ணு விடாம. சார்கிட்ட சொல்லுங்க, வேணும்னா வந்து ஸ்டேஷனுக்கும் யோசனை குடுக்கறேன்."

"சார் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு. பவர் சப்ளை மேல இருந்த பல்பும் மஞ்சள்தானே?"

போனில் ஆஸ்பத்திரியின் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ ஒரு தள்ளுவண்டி உருண்டு போனது. பாதிப் படிப்பானாலும் படிப்பு படிப்புதான். இன்ஜினியருக்குப் புரிந்துவிட்டது என்பது அந்த மௌனத்தின் நீளத்தில் தெரிந்தது.

"புகாரை வாபஸ் வாங்கறீங்களா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்து. "இல்ல, உத்தரவு போட்டவர் பேர்லயே எழுதிக்கட்டுமா? கைநாட்டு ஏற்கெனவே இருக்கு."

"வாபஸ்," என்றது போன். பிறகு, குரல் மெல்ல மெல்லச் சூடேறி, "அவனை நிக்கச் சொல்லுங்க அங்க. அந்த மூஞ்சியைப் பாருங்க சார், அந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு" என்று தொடங்கியது.

ஊசி போனை அணைத்தாள்.

"பாக்கி இருந்துது. வந்துடுச்சு," என்றான் மச்சினன். சப்-இன்ஸ்பெக்டரிடம் கை நீட்டிப் பிளக்கைத் திரும்ப வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அக்கா, இந்தப் பெட்டிக்கு ரெசிஸ்டரும் மூடியும் போடற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கும். மாமா கேட்டா வந்து வாங்கிக்கச் சொல்லு. நான் இனிமே இங்க இல்ல."

"எங்க போவே?"

"திட்டாத எடம் ஏதாவது இருக்கும்."

அவன் தன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மனைவி வாசல் வரை போனாள். திரும்பி வரும்போது பிளாஸ்க்கைப் பெஞ்சில் வைத்தாள், கொஞ்சம் பலமாகவே. ஆஸ்பத்திரிக்கு அன்று இரவு அது போவதாகத் தெரியவில்லை.

நிபுணர் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஒட்டடை பறந்தது.

"நான் ஆரம்பத்துலயே சொன்னேன் சார். உண்மை மின்சாரம் மாதிரின்னு. ஒயர் தேடற மாதிரி ஒரு நாடகம் ஆடினேன், எல்லாரும் நிம்மதியாப் பேசட்டும்னு. எங்க முறை அது." பேசிக்கொண்டே அவர் சிவப்பு மக்கைத் தூக்கி, உள்ளே இருந்த எல்ஈடி பல்பைத் திருகிக் கழற்றினார். அதன் கழுத்தை உள்ளங்கையால் இறுக்கமாகப் பொத்திக்கொண்டார். "இது எங்க அலுவலகப் பாதுகாப்புல இருக்கட்டும்."

"எதுக்கு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஆளை அடிச்ச சாமான். ஸ்டேஷனுக்கு வரணும். குடுங்க."

"நாசூக்கான சாட்சியம் சார். பல கை படக் கூடாது."

"அத்தான்," என்றாள் ஊசி. மக்கைத் தூக்கிப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கு அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. இலவசமாகக் கிடைத்த பெட்டி ஞாபகம் வந்தது. வீட்டில் எதிலோ பார்த்துச் சொன்ன போன் நம்பரும் ஞாபகம் வந்தது. "போன மாசம் ஆண்டு விழாவுக்கு என்ன குடுத்தோம்? நான் லீவுல இருந்தேனே."

நிபுணர் பொத்திய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மின்சாரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பல்பை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

கழுத்தைச் சுற்றி நீல மையில் நிபுணரின் முகம் அச்சாகியிருந்தது.